கருப்பை வாய்ப் புற்றுநோய்: தடுக்கக்கூடிய நோயில் யார் இறக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனையோ புற்றுநோய்கள் இருக்க, ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச இந்த ஒன்றை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

கணையத்தில் புற்று வந்தால், வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இன்றைய மருத்துவத்தால் செய்ய முடிவது குறைவுதான். கருப்பை வாய்ப் புற்றுநோயின் நிலை வேறு. அது வராமல் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் தடயத்தைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை இருக்கிறது. அந்தத் தடயத்தை மயக்க மருந்துகூட இல்லாமல் சில நிமிடங்களில் அகற்றிவிடும் வழி இருக்கிறது. அதையும் தாண்டி நோய் வந்துவிட்டால், தொடக்க நிலையில் பத்தில் ஒன்பது பேரைப் பிழைக்க வைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. இவ்வளவு வாய்ப்புகளையும் கடந்து ஒரு பெண் இந்நோயால் இறக்கிறார் என்றால், இவற்றில் ஏதோ ஒன்று அவருக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை என்றே பெரும்பாலும் பொருள். எவை எட்டின, எவை எட்டவில்லை என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாட்டில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்பது புலப்பட்டுவிடும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஊர்ப்புறத்தில் இதையும் கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றையும் சேர்த்து ‘கர்ப்பப்பைப் புத்து’ என்றே சொல்வார்கள். இங்கே பேசப்படுவது கருப்பையின் கீழ்முனையில், பிறப்புறுப்பை நோக்கித் திறக்கும் வாய்ப்பகுதியில் வரும் புற்றுநோய் மட்டுமே.

எண்ணிக்கைகள் என்ன சொல்கின்றன?

2022ஆம் ஆண்டு உலகெங்கும் சுமார் 6.6 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 3.5 லட்சம் பேர் இறந்தனர். இறந்தவர்களில் 94 விழுக்காட்டினர் குறைந்த அல்லது நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பேருக்கு நோய் கண்டது. 79,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கணக்குப் போட்டால் ஏழு நிமிடத்துக்குள் ஒரு பெண்.

நோய் கண்டவர் எண்ணிக்கையோடு இறந்தவர் எண்ணிக்கையை ஒப்பிடுவது தோராயமான அளவுகோல்தான், ஆனாலும் பயன் உள்ளது. இந்தியாவில் அது ஐந்தில் மூன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அந்த அமெரிக்காவிலேயே கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட அதிக விகிதத்தில் இந்நோயால் இறக்கிறார்கள் என்பதால், நாடு பணக்கார நாடாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது.

இது ஒழுக்கக் குறைவால் வரும் நோய் என்கிறார்களே?

இந்தப் பேச்சு பல பெண்களை மருத்துவமனை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆகவே தெளிவாகவே சொல்லிவிடலாம். எச்.பி.வி. என்னும் வைரஸே இந்நோய்க்குக் காரணம். அதன் பல வகைகளில் 16, 18 என்ற இரண்டு எண்ணிட்ட வகைகள் மட்டுமே பத்தில் ஏழு நோயாளிகளின் புற்றுக்குப் பொறுப்பு. இந்த உண்மையைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பாலுறவின் வழியாகப் பரவும் வைரஸ் என்றாலும், திருமண உறவில் மட்டும் வாழ்பவர்கள் உட்படப் பாலுறவில் ஈடுபடும் பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் எப்போதாவது இது தொற்றவே செய்கிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்தும் விடுகிறது. மறையாமல் தங்கிவிடும் சிலருக்கு, 15 முதல் 20 ஆண்டுகளில் அது புற்றாக மாறக்கூடும். ஒரே ஆணோடு வாழ்ந்து, நான்கு பிள்ளை பெற்று, கோயில் குளம் என்று இருந்த பாட்டிக்கும் இந்நோய் வரும், வந்திருக்கிறது.

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எதற்குப் பரிசோதனை? அங்கே என்ன செய்வார்கள்?

தொந்தரவு தெரியத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றத் தொடங்கியிருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுதல், உறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே இரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை அறிகுறிகள். இவை இருப்பவர்கள் அடுத்த முகாம் வரும் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பரிசோதனை என்பது இவை எதுவும் இல்லாதவர்களுக்கு.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெரும்பாலும் நடப்பது வி.ஐ.ஏ. எனப்படும் எளிய முறை. தடுப்புத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கச் சொல்லி, செவிலியர் ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக வைத்துப் பார்வைக்கு வழி செய்துகொள்வார். பிறகு 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் ஒற்றுவார்; ஏறத்தாழ சமையலுக்கு வாங்கும் வினிகரின் காரம்தான். லேசான எரிச்சல் இருக்கலாம். ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கொளியில் பார்ப்பார். மாற்றம் அடைந்த திசு இருந்தால், சுண்ணாம்பு பட்டதுபோல் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். புடவையைச் சரிசெய்துகொண்டு எழும்போதே முடிவு தெரிந்துவிடும்.

2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ 2021 முதல், வைரஸின் மரபணுவையே தேடும் எச்.பி.வி. பரிசோதனையைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. அது கூடுதல் நுட்பமானது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கவும் முடியும். ஆனால் விலை அதிகம். தனியார் மருத்துவமனையின் ‘முழு உடல் பரிசோதனை’ப் பட்டியலில் இது இடம்பெறத் தொடங்கிவிட்டது, வட்டார அளவிலான அரசு நிலையங்கள் இன்னும் பெரும்பாலும் வினிகரை நம்பியே இருக்கின்றன.

இலவசமாகத்தானே செய்கிறார்கள்? பின் ஏன் பெண்கள் வருவதில்லை?

இந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு மறைந்திருக்கிறது. பெண்களுக்கு அக்கறை இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. பரிசோதனை நடக்கும் நேரம் காலை 9 மணி முதல் மாலைக்குள். களையெடுப்பிலோ கட்டட வேலையிலோ பீடி சுற்றுவதிலோ இருக்கும் பெண்ணுக்கு அந்த நேரம்தான் கூலி நேரம். நோயே இல்லாத உடம்பைக் காட்ட ஒரு நாள் கூலியை விடு என்று நாம் அவரிடம் கேட்கிறோம். மாதச் சம்பளம் வாங்கும் பெண் அதையே அரை நாள் விடுப்பில் செய்துவிட்டு வருகிறார்.

இரண்டாவது, கூச்சம். பரிசோதிப்பவர் ஆணா பெண்ணா, கதவு சாத்தப்படுமா, ஊர்க்காரர் யாராவது வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்களா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் யாரும் அந்த அறைக்குள் நுழைய மாட்டார்கள். திரையே இல்லாத அறையில் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், மறுப்பவரிடம் குறை காண எதுவும் இல்லை. மூன்றாவது, பயம்: ‘ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது’ என்ற பயம், சிகிச்சைக்கு வழி தெரியாதவருக்கு முற்றிலும் நியாயமானது. நான்காவது, வீட்டில் யாரைக் கேட்டுப் போவது என்பது. மாமியாரிடமும் கணவரிடமும் ‘எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் போய்க் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று விளக்க வேண்டியிருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ.

இதில் மாற்றம் வந்த இடங்களைப் பார்த்தால், அழைப்பு நேரில் போன இடங்களே அவை. சுவரொட்டி செய்யாத வேலையை, ‘அக்கா, செவ்வாய்க்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன், கனகா அத்தையும் வராங்க’ என்று வாசலில் நின்று சொல்லும் சுகாதாரப் பணியாளர் செய்துவிடுகிறார். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போவதுதான் அதன் முதன்மை நோக்கம். அந்த வழியிலேயே புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பும் போவது பயனுள்ள ஏற்பாடு. அந்தப் பணியாளர்களின் ஊதியமும் வேலைச்சுமையும் எப்படி இருக்கின்றன என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். ஏனென்றால் கடைசி வீட்டுக் கதவைத் தட்டுவதா வேண்டாமா என்பது நடைமுறையில் அவர்கள் எடுக்கும் முடிவு.

தமிழ்நாடு இதில் முன்னணி மாநிலம் என்று படித்தோம். உண்மைதானா?

உண்மை; ஆனால் எதை வைத்து முன்னணி என்பதையும் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. வகுப்பில் எல்லோரும் தேறாதபோது பத்து மதிப்பெண் எடுத்தவர் முதலிடம் பெறுவது போன்றது இது. 2030க்குள் உலக சுகாதார நிறுவனம் எட்டச் சொல்லும் அளவு 70 விழுக்காடு.

இன்னொரு உண்மையும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் காணப்பட்ட புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றே முதலிடத்தில் இருந்தது. இப்போது மார்பகப் புற்று அந்த இடத்துக்கு வந்துவிட்டது, கருப்பை வாய்ப் புற்றின் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து பேணிவரும் சென்னைப் பெருநகரப் பதிவேட்டின் மூலம் இது நமக்குத் தெரிகிறது. இந்த இறக்கத்துக்குப் பரிசோதனைத் திட்டத்தின் பங்கு சிறிதுதான். பெண்கள் படித்ததும், திருமண வயது உயர்ந்ததும், பிள்ளைப்பேறு குறைந்ததும், குளியலறையும் தண்ணீரும் வீட்டுக்குள் வந்ததுமே பெரும் பங்கு. இவை யாருக்குக் கடைசியாகப் போய்ச் சேருகின்றனவோ அவர்களிடமே நோயும் தங்கிவிடுகிறது.

எளிய பரிசோதனை உயிரைக் காக்கும் என்பதற்கு நம் மண்ணில் சான்று உண்டா?

உண்டு, அதுவும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே. 2000ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ மருத்துவ நிலையம் ஒன்றை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பரிசோதனை வழங்கப்பட்ட ஊர்களில் தகுதியுள்ளவர்கள் 49,311 பேர். அவர்களில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற செவிலியர்கள். மாற்றம் கண்டவர்களுக்குக் குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையையும் அவர்களே அங்கேயே அளித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் வந்தவர்கள் 25 விழுக்காடும் இறந்தவர்கள் 35 விழுக்காடும் குறைவு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவ், 1.31 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில் ஒரே ஒருமுறை செய்த எச்.பி.வி. பரிசோதனை இறப்பைப் பாதி அளவுக்குக் குறைத்தது. ஆனால் அங்கே அதே வினிகர் முறையால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பிய முறை என்பதால், மாநிலம் முழுவதற்கும் விரிக்கும்போது பயிற்சியில் சிக்கனம் பிடித்தால் எண்ணிக்கை மட்டுமே உயரும்.

இந்த ஆய்வுகளைப் பாராட்டும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, திண்டுக்கல், உஸ்மானாபாத், இதுபோன்ற ஆய்வு நடந்த மும்பை ஆகிய மூன்று இடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 1.38 லட்சம் பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படவில்லை. அவர்களில் 254 பேர் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். பரிசோதனை பயனளிக்கும் என்பது மேலைநாடுகளின் அனுபவத்தில் தெரிந்திருந்த காலத்தில் இப்படி ஒரு குழுவை விட்டுவைத்தது சரியா என்ற கேள்வி மருத்துவ அறவியல் வட்டாரத்தில் கடுமையாக எழுந்தது. ‘அந்தப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது கிடைத்தது’ என்பது ஆய்வாளர் தரப்பின் விடை. வழக்கமாக அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதுதான் அந்த விடையின் பொருள். எனக்கு அது போதுமான விடையாகப் படவில்லை.

பரிசோதனையில் ‘சந்தேகமாக இருக்கிறது’ என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அது புற்றுநோய் என்று பொருளில்லை. வெளுத்த திட்டு தெரிந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. சிலருக்கு வெறும் புண்ணாகவே இருக்கும். அடுத்த படியாக, கால்போஸ்கோப் என்னும் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் சிறு சதைத்துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முன்நிலை மாற்றம் உறுதியானால், உறையவைத்தோ சூட்டினால் கருகவைத்தோ அந்த இடத்தை அழித்துவிடலாம், அல்லது மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

பெண்கள் காணாமல் போவது இந்தப் படியில்தான். வினிகர் பரிசோதனை நடந்த இடம் ஊருக்குப் பக்கத்தில். கால்போஸ்கோப் இருக்கும் இடம் தாலுகா அல்லது மாவட்டத் தலைநகரில். சதைப் பரிசோதனையின் முடிவு வர இன்னும் சில நாள். அதை வாங்க இன்னொரு பயணம். ‘பெரியாஸ்பத்திரிக்குப் போங்க’ என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு நிலையத்தின் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் கணக்கு முடிந்துவிடுகிறது. சீட்டு அரிசிப் பானைக்கு அடியிலோ ரேஷன் கார்டின் உறைக்குள்ளோ கிடக்கும்; மூன்று ஆண்டுகள் கழித்து இரத்தப்போக்கோடு வரும்போது அதே சீட்டு மீண்டும் வெளியே வரும். ஒரு மாவட்டத்தின் திட்டம் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்பினால், எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்று கேட்காதீர்கள். சந்தேகம் கண்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சட்டென்று வரும்.

முதலமைச்சரின் காப்பீட்டில் சிகிச்சை இலவசம்தானே? வசதி இல்லாதவருக்கு அங்கே என்ன குறை?

ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தக் காப்பீடு உதவுகிறது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இது பெரிய பாதுகாப்பு, பல மாநிலங்களில் இல்லாதது. இதற்கு மேலும் என்ன வேண்டியிருக்கிறது என்பதை, ஒரு கற்பனை நோயாளியின் வழியாகப் பார்க்கலாம்.

வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில் நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கும் வேலைக்கும் போகும் 46 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இரத்தம் படுகிறது என்று முதலில் பக்கத்து ஊர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார். அடுத்து ஒரு தனியார் கிளினிக். அங்கே ஒரு ஸ்கேன், இரத்தப் பரிசோதனைகள், இரண்டு மாதம் மருந்து. காப்பீடு உதவத் தொடங்குவது பெரும்பாலும் நோய் உறுதியான பிறகே என்பதால், இதுவரை போனதெல்லாம் கைக்காசு, அல்லது அடகு வைத்த தோடு. நோய் உறுதியாகும்போது அது கருப்பை வாயைத் தாண்டிப் பரவியிருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது. ‘கரண்ட் வைக்கணும்’ என்கிறார்கள்.

கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை, இந்நோய்க்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம் நடக்கும். ஒரு நாள் கதிர்வீச்சுக்கு ஆகும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம். அதனுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவார்கள். அது முடிந்ததும், கருவியை உள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு சில தவணைகள். அனைத்தும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் விட்டு விட்டு வந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். உடம்பில் இரத்தம் குறைந்திருந்தால் முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும், அதற்குக் கொடையாளர் தேட வேண்டும்.

இப்போது தொலைவைக் கணக்கிடுங்கள். அவருக்கு அருகிலுள்ள அரசு மண்டலப் புற்றுநோய் மையம் மதுரை பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து நகரப் பேருந்துதான்; மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் சீட்டு எடுக்க வேண்டும், கூட வருபவருக்கும் சேர்த்து. பத்து நிமிடச் சிகிச்சைக்காக நாள்தோறும் போய்வர உடம்பு இடம் தராது. தங்கினால் யாராவது உடன் தங்க வேண்டும், தங்குபவரின் கூலியும் போகும். வீட்டில் சமைப்பது யார், ஆட்டைப் பார்ப்பது யார், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுவாளா? மருத்துவமனைக் கட்டணம் இல்லாமலேயே அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாத வருமானம் போய்விடுகிறது. மூன்றாவது வாரத்தில் இரத்தப்போக்கு நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும், ‘சரியாப் போச்சு’ என்று ஊருக்குத் திரும்பிவிடுபவர்கள் உண்டு. அவரைப் படிக்காதவர் என்று திட்டுவதற்கு முன், எந்தத் திட்டத்தில் அவருடைய கூலிக்கு ஈடு இருந்தது என்று தேடிப் பாருங்கள்.

பலரும் அறியாத ஓர் உதவி உண்டு: சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு 75 விழுக்காடு சலுகையும் கிடைக்கும். மருத்துவமனையில் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்காதவருக்கு அந்தப் படிவத்தை யாரும் நீட்டுவதில்லை.

வெள்ளைப்படுதலுக்கே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ‘பின்னால் புற்றாகிவிடும்’ என்பது சரியா?

வெள்ளைப்படுதலுக்குப் பெரும்பாலும் மருந்தே போதும். கருப்பையை எடுத்துவிடுவது புற்றுநோய்த் தடுப்பு முறை இல்லை. 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் புலம்பெயரும் பெண்கள் பெருமளவில், இள வயதிலேயே, கருப்பையை இழந்திருப்பது வெளியே வந்து மாநில அரசு குழு அமைத்து விசாரிக்க நேர்ந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலியைப் பிடிக்கும் முகவர்கள் ஒரு பக்கம், ‘விட்டால் கேன்சர்’ என்று அச்சுறுத்திய மருத்துவர்கள் இன்னொரு பக்கம். சில நிமிடப் பரிசோதனை எட்டாத பெண்களுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை மட்டும் கடன் வாங்கியாவது எட்டிவிடுகிறது. அப்படிச் சொல்லப்பட்டால், வி.ஐ.ஏ. அல்லது பாப் பரிசோதனையின் (கருப்பை வாயின் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிவைக் கேளுங்கள்; அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தும் கேளுங்கள்.

தடுப்பூசி யாருக்கு? விலை கட்டுப்படியாகுமா?

9 முதல் 14 வயதுக்குள், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போடும்போதுதான் பலன் முழுமையாகக் கிடைக்கும். தடுப்பூசி 2006இல் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா அதைத் தேசியத் திட்டமாக்கியது, 2011இல் ருவாண்டா. நோயாளிகள் அதிகமுள்ள நாடுகளில் ஒன்றான இந்தியாவில் அது நெடுங்காலம் தனியார் மருத்துவமனையில் பணம் உள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசியாகவே இருந்தது. ஏழை நாடுகளுக்கு 2013இல் ஒரு தவணை 4.50 டாலருக்கு வழங்க உடன்பாடு ஏற்பட்ட பிறகும், 2019வாக்கில் உலக அளவில் தட்டுப்பாடு நிலவியது. பணக்கார நாடுகள் ஆண் பிள்ளைகளுக்கும் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பெண் பிள்ளைகளுக்கே போட முடியாமல் பல நாடுகள் காத்திருந்தன.

புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் 2023 ஜனவரியில் வெளியானபோது, தனியார் சந்தையில் ஒரு தவணையின் விலை சுமார் 2,000 ரூபாய். வெளிநாட்டுத் தயாரிப்போடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள தினக்கூலிக் குடும்பத்துக்கு மலிவில்லை. சிக்கிம் 2018இலேயே பள்ளிகள் வழியாகப் பெண் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது. 2024 பிப்ரவரியில் மத்திய இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 9–14 வயதினருக்கான அறிவிப்பு வந்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டம் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்காக 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. உங்கள் பகுதியில் எந்த வயதினருக்கு, எப்போது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; தனியாரிடம் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

இந்த ஊசியால் சிறுமிகள் இறந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அந்த வதந்தியின் மூலம், 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா ஆகிய மாவட்டங்களில் நடந்த ஒரு செயல்விளக்கத் திட்டம். அதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு சிறுமிகள் பின்னர் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், மலேரியா போன்றவையே காரணம், ஊசிக்குத் தொடர்பில்லை என்று விசாரணை கண்டது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. கம்மத்தில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிய விடுதிகளில், பெற்றோரைக் கேட்காமல் வார்டன்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி பாதுகாப்பானது என்பதும், அந்தப் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் தவறு என்பதும் இரண்டுமே உண்மை. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் வதந்திதான் வளரும்.

அந்த நிறுத்தத்தால் எதிர்பாராத ஒன்றும் விளைந்தது. இரண்டு தவணையா மூன்று தவணையா என்று அறிய அப்போது நடந்துவந்த வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. அம்பிளிக்கையும் அது நடந்த இடங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு தவணையே நீடித்த பாதுகாப்பைத் தருவது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணையையும் ஏற்றதற்கு ஆதாரமாக அமைந்த தரவுகளில் அதுவும் ஒன்று.

தடுப்பூசி வந்துவிட்டால் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையுமா?

எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்து 2008இல் பள்ளிகளின் வழியாகவே போடத் தொடங்கியது. பின்னர் பார்த்தபோது, மிகவும் வறிய பகுதிப் பெண்களிடம்தான் அதிக எண்ணிக்கையில் நோய் தவிர்க்கப்பட்டிருந்தது. வகுப்பறையில் வரிசையாக நிற்கும்போது அப்பாவின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளை அந்த வரிசையில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செங்கல் சூளையிலும் நூற்பாலை விடுதியிலும் இருப்பவளைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

இலங்கையில் நிலைமை எப்படி?

அங்கே 2017இலேயே பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி வழங்கத் தொடங்கிவிட்டார்கள். 35 வயதுப் பெண்களை அழைத்துப் பாப் பரிசோதனை செய்யும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 1996 முதல் இயங்குகின்றன. தடுப்பூசியில் இந்தியா அவர்களிடம் கற்க வேண்டிய நிலையில்தான் இருந்தது.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குத் தனி அறிவுரை உண்டா?

உண்டு. அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகம். மாற்றம் புற்றாக ஆகும் காலமும் குறைவு. 25 வயதிலிருந்தே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்துக்கு மருந்து வாங்க வரும் நாளிலேயே இதையும் கேளுங்கள்.

நோய் முற்றிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வலியால் துடிக்கிறார். என்ன செய்வது?

செய்வதற்கு இருக்கிறது. முற்றிய கருப்பை வாய்ப் புற்றின் வலி இடுப்பிலும் தொடையிலும் பரவி, தூக்கத்தைப் பறிப்பது. வாய்வழி மார்ஃபின் மலிவான மருந்து. முறையாகக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்கும். ஆயினும், உலகில் விநியோகமாகும் ஏறத்தாழ 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன்தான் என்று 2017இல் ஒரு பன்னாட்டு ஆணையம் கணக்கிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் இதை வைத்துக்கொள்ளவே தயங்கின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம முறை எளிதானது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம் ஊராட்சி வரை போய்விட்டது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவத்தின் கீழ் வலித்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் வலித்தணிப்புப் பிரிவைக் கேளுங்கள். துர்நாற்றத்துக்கும் இரத்தக் கசிவுக்கும்கூட மருந்து உண்டு. அந்த நாற்றத்துக்கு அஞ்சியே நோயாளியைத் திண்ணைக்கு மாற்றிவிடும் வீடுகளில், அந்த மருந்து அவரை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் கவனிக்க வேண்டியவை என்ன?

மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது. முந்தின நாள் உறவையும், பிறப்புறுப்பில் மருந்து வைப்பதையும் தவிர்க்கவும். பெண் செவிலியரையும் சாத்திய கதவையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் என்று சொன்னால், அடுத்து எங்கே, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும், அனுப்புபவரின் தொலைபேசி எண்ணோடு அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.